குழலின் முறுக்கும் சன்னத்தின் நீளமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும், வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரும் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தம் வீட்டு மேசையிலேயே செய்துகொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளையாலான உறை ஒன்று. அதன் அடியிற் பொருத்தப்படும், அடிபட்டவுடன் தீக்கக்கும் சிறுமூடி ஒன்று. உறையினுள் இடப்படும் வெடிமருந்து. உறையின் வாயிற் செருகப்படும் சன்னம். சுட்டபின் எஞ்சுவது பித்தளை உறை மட்டுமே. அதனைத் துப்புரவு செய்து, பழைய அளவுக்குக் கொணர்ந்து, ஏனைய மூன்றையும் புதிதாக இட்டால் மீண்டும் தோட்டாவாகும். செலவு குறைதல் இதன் ஒரு பயன். தன் துப்பாக்கிக்கு ஏற்ற சன்னத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்பது அதனினும் பெரிய பயன்.

இத்தேர்விலேதான் நாம் ஈண்டு ஆராயப் புகும் சிக்கல் எழுகின்றது. ஒரே விட்டமும் ஒரே நிறையும் உடைய இருவகைச் சன்னங்களை ஒருவர் ஒரே துப்பாக்கியால் நூறு யார் தூரத்திலுள்ள கடதாசி இலக்கை நோக்கிச் சுடுகின்றார். ஒருவகைச் சன்னங்கள் கடதாசியில் வட்டமான துளைகளை நெருக்கமாக இட்டுச் செல்கின்றன. மற்றவகைச் சன்னங்களோ அங்குமிங்குமாகச் சிதறுவதோடு, வட்டமான துளைகளுக்குப் பதிலாகத் திறப்புத் துவாரம் போன்ற நீண்ட கிழிசல்களை உண்டாக்குகின்றன. கிழிசல் எதைக் காட்டுகின்றது? சன்னம் மூக்கு முன்னாகச் செல்லாது, பக்கவாட்டாகப் புரண்டு சென்று தாக்கியது என்பதையே காட்டுகின்றது. இலக்குக் கடதாசியாயின் இழப்பு ஒன்றுமில்லை. அஃது ஒரு மானாக இருப்பின், குறித்த இடத்திற் படாத சன்னம் அதனை உடனே கொல்லாது; காலிலோ குடலிலோ காயமுற்ற விலங்கு காட்டினுள் ஓடி, நாட்கணக்கில் நொந்து மடியும். வேட்டை தகுமா தகாதா என்னும் வாதம் வேறு. சுடுவதென்று துணிந்தவன் சன்னம் நேரே செல்லுமா என்பதை முன்னரே அறிந்திருத்தல் அவன் கடன் என்பதில் எத்திறத்தாருக்கும் கருத்து வேறுபாடு இராது.

துப்பாக்கியைத் தொட்டும் அறியாத யான் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சுழலும் பொருள்களின் இயல்பை வகுப்பிற் கற்பிக்கையில், பாரமான சன்னத்துக்கு மிகுந்த சுழற்சி வேண்டும் என்று பல ஆண்டுகளாக மாணவருக்குச் சொல்லி வந்தேன். அது பிழை. நூல்கள் சிலவும் சுடுவோர் பெரும்பாலாரும் அவ்வாறே பேசுகின்றனர் என்பது எனக்கு ஓரளவு ஆறுதல். ஆயினும் பிழை பிழையே. உண்மை யாதென்பதை முறையாகக் காண்போம்.

அம்பு ஒன்றை எண்ணிப் பார்க்க. அதன் முனையில் இரும்பும் பின்புறத்தில் இறகும் உள்ளன. பாரம் முன்னே, காற்றை வாங்கும் பரப்புப் பின்னே. அம்பு சற்றே சாய்ந்தாலும் காற்று இறகைத் தள்ளி அதனை மீண்டும் நேராக்கிவிடும். துப்பாக்கிச் சன்னம் இதற்கு நேர்மாறானது. காற்றைக் கிழித்துச் செல்லும்பொருட்டு அதன் மூக்குக் கூராக்கப்பட்டுள்ளமையால் பொருட்செறிவு பின்புறத்தில் மிகுந்துவிடுகின்றது. ஆகவே அதன் புவியீர்ப்பு மையம் பின்னேயும், காற்றின் அமுக்கம் திரண்டு தாக்கும் புள்ளி முன்னேயும் அமைகின்றன. சன்னம் இம்மியளவு சாய்ந்தவுடன் காற்று அச்சாய்வைத் திருத்துவதற்கு மாறாக, மேலும் சாய்த்துக் கவிழ்க்கவே முயலும். வெறுமனே எறியப்பட்ட கூரிய சன்னம் சில யார் தூரத்துள் தலைகுப்புறப் புரளும் என்பது ஒருதலை.

இங்கே உதவிக்கு வருவது நம் பிள்ளைகள் முற்றத்தில் ஆட்டும் பம்பரம். ஆணிமேல் நிற்கமாட்டாத பம்பரம் சுழலும்போது நிற்கின்றது. அதனைக் கவிழ்க்க முயலும் விசை அதனைக் கவிழ்ப்பதில்லை. தள்ளிய திசைக்குச் செங்குத்தான திசையில் அச்சை நகர்த்துகின்றது. அதனாலேயே பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுகின்றது. சன்னமும் அவ்வாறே. போதிய சுழற்சியிருப்பின் காற்றின் கவிழ்ப்பு விசை அதன் மூக்கைச் சிறு வட்டமிடச் செய்யுமேயன்றிப் புரளச் செய்யாது. அவ்வட்டமும் செல்லச் செல்லச் சுருங்கும். சுழற்சி போதாதாயின் வட்டம் விரிந்துகொண்டே போய், ஆடித் தளர்ந்த பம்பரம்போலச் சன்னம் சாய்ந்து விழும்.

இச்சுழற்சியைக் கொடுப்பது குழல். றைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலினுள்ளே, கயிற்றின் புரிபோல வளைந்து செல்லும் தவாளிப்புகள் வெட்டப்பட்டுள்ளன. சன்னம் அவற்றைக் கவ்விக்கொண்டு செல்வதால் வெளிப்படும்போது சுழன்றுகொண்டே வெளிப்படுகின்றது. தவாளிப்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குக் குழலின் எத்தனை அங்குலம் செல்கின்றதோ அதுவே அக்குழலின் முறுக்கு. பத்தங்குல முறுக்கு என்றால் பத்தங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் சிறிதாக ஆக முறுக்கு இறுகுகின்றது என்பதை மனத்திற் கொள்க. புதிதாகக் கற்போர் தடுமாறும் இடம் இதுவே. செக்கனுக்கு 2800 அடி வேகத்தோடு பத்தங்குல முறுக்குள்ள குழலைவிட்டு வெளிப்படும் சன்னம் செக்கனுக்கு 3360 முறை சுழல்கின்றது. நிமிடக்கணக்கிற் சொன்னால் இரண்டு இலட்சத்துக்கு மேல்.

தவாளிப்புக் குழல்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மானிய நாடுகளில் வழக்கில் இருந்தன. அவை ஏன் நன்றாகச் சுடுகின்றன என்பதை விளக்கியவர் 1707இற் பிறந்த ஆங்கிலக் கணிதர் பெஞ்சமின் றொபின்ஸ். தவாளிப்பில்லாத குழலிலிருந்து செல்லும் உருண்டைக் குண்டு குழலின் சுவரில் உராய்ந்து, தற்செயலாக ஏதோ ஓர் அச்சிற் சுழன்று, அச்சுழற்சியினாலேயே காற்றில் வளைந்து செல்கின்றது என்று அவர் கண்டார். இதனை மெய்ப்பிக்க அவர் செய்த பரிசோதனை அழகானது. ஒரு குழலின் வாய்ப்புறத்தைச் சற்றே இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கமாகச் சென்று, பின்னர் தன் பாதையைக் கடந்து வலப்பக்கம் திரும்பியது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டமையாற் பெற்ற சுழற்சியே அதனை அவ்வாறு திருப்பிற்று. தவாளிப்பு, சுழற்சியின் அச்சைச் செல்லும் திசையிலேயே அமைப்பதால் இவ்வளைவு நேர்வதில்லை. அவருடைய பீரங்கிக்கலை நூல் 1742இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுள் ஒயிலர் என்னும் மாபெருங் கணிதர் அதனை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். 1747இல் தவாளிப்புக் குழல்கள் பற்றிய கட்டுரை ஒன்றை றொபின்ஸ் றோயல் சங்கத்தின்முன் படித்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியல் தலைவராகக் கோட்டைகளைச் சீர்செய்ய வந்த அவர், 1751இல் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையில் உயிர்நீத்தார். சன்னத்தின் சுழற்சியை ஆராய்ந்தவரின் இறுதி மூச்சு தமிழ் நாட்டுக் கடற்கரையில் அடங்கியது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

றொபின்ஸ் காலத்துக் குண்டு உருண்டை. உருண்டைக்குக் கவிழ்தல் என்பதில்லை. ஆகவே எவ்வளவு முறுக்கு என்னும் வினா அக்காலத்திற் பெரிதாக எழவில்லை. சன்னம் நீண்டபோதே அது கூர்மையுற்றது. 1853ஆம் ஆண்டு மாதிரியான ஆங்கிலேய என்பீல்ட் துப்பாக்கியின் குழல்விட்டம் 0.577 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, சன்னத்தின் நிறை 530 கிறெயின். ஒரு கிறெயின் என்பது ஏறத்தாழ 0.065 கிராம். இத்துப்பாக்கியை மேம்படுத்தும்படி அரசினர் கேட்டுக்கொண்டதன்பேரில் மான்செஸ்டர் நகரப் பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் தம் இல்லத்தருகே 500 யார் நீளமான மூடிய சுடுகூடம் ஒன்றைக் கட்டி, பலவகை முறுக்குகளையும் சோதித்தார். இறுதியில் அவர் தேர்ந்தது அறுகோண வடிவான, 0.451 அங்குலக் குழல். அதன் முறுக்கு 20 அங்குலம். சன்னத்தின் நிறையோ அதே 530 கிறெயின். 1857இல் ஹைத் என்னும் இடத்தில் நடந்த போட்டிச் சோதனையில் விட்வேர்த்தின் துப்பாக்கி என்பீல்டை வெகுவாக விஞ்சியது.

நிறை ஒன்றே, முறுக்கோ நான்கு மடங்கு இறுக்கம். ஏன்? அதே ஈயத்தை ஒடுங்கிய குழலில் இடும்போது சன்னம் நீண்டுவிடுகின்றது. விட்வேர்த்தின் சன்னம் தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமானது. முறுக்கை நிர்ணயிப்பது நிறையன்று, நீளமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனைக் கணக்காக்கித் தந்தவர் வூலிச் நகரிற் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் அல்பிரட் ஜோர்ஜ் கிறீன்ஹில். 1879இல் அவர் அமைத்த விதியை ஒரு பள்ளி மாணவனும் பயன்படுத்தலாம். சன்னத்தின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று காண்க; அம்மடங்கால் 150ஐ வகுக்க; வருவது, எத்தனை விட்டத் தூரத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பதாகும். விட்வேர்த்தின் சன்னத்துக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். 150ஐ மூன்றால் வகுக்க 50. அதனை 0.451ஆற் பெருக்கினால் இருபத்திரண்டரை அங்குலம். விதி பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே, சோதனை ஒன்றையே துணையாகக் கொண்டு அவர் 20 அங்குலத்திற் கொண்டுவந்து நிறுத்தினார் என்பது வியப்பன்றோ? இக்காலத்து விரைந்த சன்னங்களுக்கு 150க்குப் பதிலாக 180 எடுத்துக்கொள்வது வழக்கம். விதியில் நிறை என்னும் சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க. ஈயத்தின் செறிவு அதனுள் மறைந்து நிற்கின்றது; வேறு உலோகமாயின் திருத்தம் வேண்டும். அதனைப் பின்னர் காண்போம்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்கரான டொன் மில்லர் இதனினும் நுட்பமான விதியொன்றை வெளியிட்டார். அது சன்னத்தின் உறுதியை ஓர் எண்ணாகத் தருகின்றது. அவ்வெண் ஒன்றுக்குக் குறைந்தால் சன்னம் புரளும். ஒன்றுக்குச் சற்று மேலாயின் புரளாது, ஆனால் தள்ளாடும். 1.4 அல்லது 1.5 இருத்தல் நன்று. இவ்வெண் முறுக்கின் வர்க்கத்தைப் பொறுத்தது. முறுக்கைப் பாதியாக்கினால் உறுதி நான்கு மடங்காகும். நீளத்தைப் பொறுத்தமட்டில், அதன் கனத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதமாக உறுதி குறைகின்றது. நிறையோ மாறாக உறுதியைக் கூட்டுகின்றது! நீளமும் விட்டமும் ஒன்றாயின், பாரமான சன்னமே எளிதில் நிலைபெறும். பாரமானதற்கு இறுகிய முறுக்கு வேண்டும் என்னும் பொதுவழக்கு எங்ஙனம் தோன்றிற்று எனின், ஒரே விட்டமும் ஒரே உலோகமும் உடைய சன்னங்களுள் பாரமானது பெரும்பாலும் நீளமானதாகவும் இருக்கின்றமையால் என்க. காரணத்தோடு கூட வருவதைக் காரணமென மயங்கும் மயக்கம் இது.

இம்மயக்கத்துக்கும் கவனக்குறைவுக்கும் பெருநிறுவனங்களும் விலை கொடுத்துள்ளன. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வின்செஸ்டர், றெமிங்டன் என்னும் இரு நிறுவனங்களும் 0.243 அங்குல விட்டமுள்ள சன்னத்துக்கென இரு புதிய தோட்டாக்களை வெளியிட்டன. வின்செஸ்டரின் தோட்டா '243' எனவும் றெமிங்டனின் தோட்டா '244' எனவும் பெயர்பெற்றன. சன்னத்தின் விட்டத்தில் வேறுபாடில்லை; உறையின் கொள்ளளவில் றெமிங்டனுடையதே சற்றுப் பெரிது. ஆயினும் றெமிங்டன் நிறுவனத்தார் தம் தோட்டா பயிரழிக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்கே பெரிதும் பயன்படும் என எண்ணி, 75, 90 கிறெயின் சன்னங்களை மனத்திற் கொண்டு, குழலுக்கு 12 அங்குல முறுக்கிட்டனர். வின்செஸ்டர் நிறுவனத்தார் 80, 100 கிறெயின் சன்னங்களோடு 10 அங்குல முறுக்கைத் தந்தனர். மக்களோ சிறு விலங்குக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என விரும்பினர். மானுக்கு 100 கிறெயின் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

மில்லரின் விதிப்படி கணக்கிட்டுப் பார்ப்போம். செக்கனுக்கு 2800 அடி வேகமும், சதமவளவை 15 பாகை வெப்பமுள்ள கடல்மட்டக் காற்றும் எனக் கொள்க. 100 கிறெயின் நிறையும் ஓரங்குல நீளமும் உடைய கூரிய சன்னம் ஒன்று 12 அங்குல முறுக்கிற் பெறும் உறுதி 1.16, பத்தங்குல முறுக்கிற் பெறுவது 1.67. முன்னது தள்ளாட்டம், பின்னது ஐயமற்ற உறுதி. இனி, அதே 100 கிறெயின் ஈயத்தை மழுங்கிய மூக்குள்ளதாகச் செய்து நீளத்தை 0.9 அங்குலமாகக் குறைத்தால் 12 அங்குல முறுக்கிலேயே 1.57 கிடைக்கும். அதே 0.9 அங்குல நீளத்தில் 90 கிறெயின் சன்னமாயின் 1.42. இவ்வெண்களைப் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்குக. நிறை ஒன்றாயிருக்க, நீளத்தை அங்குலத்திற் பத்தில் ஒருபங்கு கூட்டியமையால் உறுதி 1.57இலிருந்து 1.16க்கு வீழ்ந்தது. நீளம் ஒன்றாயிருக்க, நிறையைக் குறைத்தமையாலும் உறுதி குறைந்ததேயன்றிக் கூடவில்லை.

ஆகவே '244' துப்பாக்கியை வாங்கியோர் 100 கிறெயின் சன்னங்களுள் மழுங்கிய மூக்குள்ளவற்றைத் தேடி இட்டிருந்தாற் பல துப்பாக்கிகள் நன்றாகவே சுட்டிருக்கும். ஆனால் இத்துப்பாக்கி 100 கிறெயினைத் தாங்காது என்னும் பேச்சுப் பரவிவிட்டது. பரவிய பேச்சைக் கணக்கால் வெல்வது அரிது. றெமிங்டன் பின்னர் முறுக்கை 9 அங்குலமாக இறுக்கியது. 1963இல் அதே தோட்டாவுக்கு '6 மில்லிமீற்றர் றெமிங்டன்' என்று புதுப்பெயரும் இட்டது. காலங் கடந்துவிட்டது. '243' உலகெங்கும் பரவ, மற்றது சிலருடைய விருப்பப் பொருளாக ஒதுங்கிற்று. இரண்டங்குல முறுக்கு வேறுபாட்டினால் ஒரு நல்ல தோட்டா தாழ்ந்தது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1894இல் சுவீடனும் நோர்வேயும் ஏற்றுக்கொண்ட ஆறரை மில்லிமீற்றர் தோட்டாவின் முதற் சன்னம் 156 கிறெயின் நிறையுள்ள நீண்ட சன்னம். அதற்கேற்பச் சுவீடனின் துப்பாக்கிகளுக்கு 200 மில்லிமீற்றருக்கு, அதாவது எட்டங்குலத்துக்கும் குறைவான தூரத்துக்கு, ஒரு சுற்று இடப்பட்டது. பின்னர் சன்னங்கள் கூராகிக் காற்றை எளிதிற் கிழிப்பனவாக நீண்டபோதும் அப்பழங் குழல்கள் அவற்றையும் தாங்கின.

இனி, காற்றையும் வேகத்தையும் பற்றிச் சிறிது. கவிழ்க்கும் விசை காற்றிலிருந்து வருவதாகலின் காற்றின் அடர்த்தி கூடினால் உறுதி குறையும். குளிர்காற்று அடர்ந்தது, உயர்ந்த மலைக்காற்று ஐதானது. கோடைகாலத்து மலையுச்சியில் இலக்குத் தவறாத துப்பாக்கி, மாரிக்காலத்துக் கடற்கரையிற் கிழிசலிடக்கூடும். அமெரிக்கப் படையின் எம் 16 துப்பாக்கி இதனை அனுபவத்திற் கண்டது. அதன் தொடக்க வடிவங்களில் 55 கிறெயின் சன்னத்துக்கு 14 அங்குல முறுக்கு இருந்தது. மிதமான காற்றிலேயே அது விளிம்பில் நின்ற உறுதி. கடுங்குளிர்ச் சோதனைகளிற் சன்னங்கள் தள்ளாடக் காணவே, 1963இல் முறுக்கு 12 அங்குலமாக்கப்பட்டது. 1980களில் உருக்கு முனை வைத்த 62 கிறெயின் சன்னமும், அதனினும் நீண்ட, ஒளிகாட்டிச் செல்லும் சன்னமும் வந்தபோது முறுக்கை 7 அங்குலமாக இறுக்க வேண்டியதாயிற்று. புதிய சன்னத்தைப் பழைய 12 அங்குலக் குழலில் இட்டுச் சுட்டவர்கள் அதன் சிதறலைக் கண்டு வியந்தனர். வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

வேகத்தைக் கூட்டினால் சுழற்சியும் கூடுமே, வெடிமருந்தை மிகுத்து இக்குறையைத் தீர்க்கலாகாதா எனின், ஆகாது. வேகங் கூடும்போது சுழற்சியோடு காற்றின் கவிழ்ப்பு விசையும் கூடுகின்றது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுதலின் எஞ்சும் பயன் சிறிது. மில்லரின் விதிப்படி உறுதி, வேகத்தின் கனமூலத்தோடு மட்டுமே வளர்கின்றது. வேகத்தைப் பத்துவீதம் கூட்டினாற் கிடைப்பது மூன்றுவீதம். அம்மூன்று வீதத்துக்காக வெடிமருந்தை அளவுக்கு மிஞ்சி இடுபவன் குழல் வெடித்துத் தன் கண்ணை இழக்கத் துணிகின்றான். தோட்டாவைத் தாமே செய்வோர் வெடிமருந்தின் அளவை, அம்மருந்தையும் சன்னத்தையும் செய்வோர் அச்சிட்டு வெளியிடும் அட்டவணையிலிருந்தே எடுத்தல் வேண்டும். முறுக்குப் போதாதெனின் மாற்ற வேண்டியது சன்னத்தையேயன்றி மருந்தையன்று.

முறுக்கு மிகையாவதாற் கேடில்லையோ? கேடு உண்டு, ஆனால் குறைவதைப்போல் அத்துணைக் கொடிதன்று. சன்னத்தின் திணிவு அதன் அச்சைச் சுற்றி முற்றும் ஒத்திராது. எத்துணை நுட்பமாகச் செய்யினும் மயிரிழைப் பிழை இருக்கும். மிகுந்த சுழற்சி அப்பிழையைப் பெருக்கிக் காட்டும். மெல்லிய செப்புத்தோல் போர்த்த சிறு சன்னங்கள் ஏழங்குல முறுக்கில் மிகுந்த வேகத்தோடு செல்லும்போது, நிமிடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சுழற்சியைத் தாங்கமாட்டாது நடுவானிலேயே சிதறிவிடுவதுமுண்டு. இலக்கில் ஒரு துளையும் காணாது திகைத்தவர்கள் உளர். அச்சன்னங்களை விடுத்தால், ஐயமுள்ளவிடத்துச் சற்று இறுகிய முறுக்கை நாடுவதே நன்று.

தன் குழலின் முறுக்கை ஒருவன் அறிவது எங்ஙனம்? குழலின்மேற் பொறிக்கப்பட்டிருக்கலாம், இல்லையேல் அளந்து காணலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்க. துப்புரவுக் கோலின் நுனியில் இறுக்கமான துணித்துண்டைப் பொருத்திக் குழலினுள் செலுத்துக. துணி தவாளிப்பைக் கவ்வுவதால் கோல் தானே சுழலும். கைப்பிடி தாராளமாகச் சுழலத்தக்கதாயிருத்தல் அவசியம். கோலின்மேல் ஓர் அடையாளமிட்டு, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீளுமளவில் கோல் உட்சென்ற தூரத்தை அளந்தால் அதுவே முறுக்கு. ஒருமுறை அளந்ததை நம்பாது நான்கைந்து முறை அளந்து சராசரி காண்பது நலம். சன்னத்தின் நீளத்தை நுண்ணளவுக் கருவியால் அளப்பது இதனினும் எளிது. இக்காலத்துச் சன்ன உற்பத்தியாளர் பலர், நீண்ட சன்னங்களின் பெட்டிமேல் வேண்டப்படும் முறுக்கு இன்னதென அச்சிட்டும் விடுகின்றனர்.

உலோகத்தைப் பற்றிப் பின்னர் காண்போம் என்றோமல்லவா? இன்று அதுவே இவ்விடயத்துக்குப் புதிய முக்கியத்துவம் தந்துள்ளது. கலிபோர்ணிய மாநிலத்தில் வாழும் கொண்டோர் என்னும் பெருங்கழுகு இனம் 1982இல் 22 பறவைகளாகக் குறைந்துபோயிற்று. வேட்டையாடுவோர் விட்டுச்செல்லும் விலங்குக் குடலிலும் உடலிலும் ஈயச்சன்னம் சிறு துகள்களாக உடைந்து கிடக்கின்றது. அவற்றைத் தின்னும் கழுகுகள் ஈயநஞ்சேறி மடிகின்றன. கூண்டில் இனம்பெருக்கி விடுவிக்கப்பட்ட கொண்டோர்களின் இறப்புக்கும் ஈயநஞ்சே தலையாய காரணமாக இருந்து வந்துள்ளது. 2013இல் நிறைவேறிய சட்டம் ஒன்றினால், 2019 யூலை முதலாந் திகதி முதல் அம்மாநிலத்தில் எவ்வகை வேட்டைக்கும் ஈயச்சன்னம் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டது. ஈயத்துக்குப் பதிலாகப் பெரிதும் வழங்குவது செம்பு.

ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11.3 மடங்கு, செம்பினது ஏறத்தாழ 8.9 மடங்கு. எனவே அதே நிறையுள்ள செப்புச் சன்னம், ஈயத்தை அகத்தேயுடைய சன்னத்தைவிட நீளமாதல் தவிர்க்கவொண்ணாதது. நீளமானால் இறுகிய முறுக்கு வேண்டும். நீளத்தைக் கூட்டாது விட்டால் நிறை குறையும். நிறை குறைந்தாலும் உறுதி குறையும் என்பதை முன்னரே கண்டோம். முன்னர் எடுத்த ஓரங்குலச் சன்னத்தையே முழுச் செம்பினாற் செய்தால் அது 100 கிறெயின் அன்று, 85 கிறெயின் அளவிலேயே நிற்கும். பத்தங்குல முறுக்கில் அதன் உறுதி 1.42, தாங்கும். பன்னிரண்டங்குல முறுக்கில் 0.99, தாங்காது.

ஆகவே தந்தையிடமிருந்து பெற்ற 1955ஆம் ஆண்டு '244' துப்பாக்கியைக் கலிபோர்ணியக் காட்டுக்கு எடுத்துச் செல்பவனுக்கு இன்று இரண்டே வழிகள் உள. 85 கிறெயினை மறந்து, அதனினும் குட்டையான, இலேசான செப்புச் சன்னத்தைத் தேர்ந்து, அதற்கேற்ப மானை அணுகிய தூரத்திலிருந்து மட்டும் சுடுவது ஒன்று. பழைய குழலைக் கழற்றி, எட்டோ ஒன்பதோ அங்குல முறுக்குள்ள புதுக்குழலைத் துப்பாக்கிக் கம்மியனைக் கொண்டு பொருத்துவிப்பது மற்றொன்று. எவ்வழியைக் கொள்ளினும், காட்டுக்குப் போகுமுன் நூறு யாரில் ஒரு கடதாசியை நிறுத்தி, குளிர்ந்த காலைப்பொழுதொன்றில் ஐந்து முறை சுட்டுத் துளைகளின் வடிவத்தை நோக்குதல் வேண்டும்.